சாரதியின் பக்கம்

அந்தக் கூட்டத்தில் சாரதி அண்ணன் பள்ளிப் பிள்ளையைப் போலக் கை உயர்த்தியது இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. சிறுநீரக நோயாளிகளை இரத்தச் சுத்திகரிப்புக்காகப் பேராதனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்லும் எங்கள் சிறிய சங்கத்துக்கு இருந்தது ஒரே வேன். அதை ஓட்டியவர் அவர், மஹய்யாவைக்காரர். நான் அலுவலக எழுதுவினைஞன்.

நோயாளிகள் பெருகியபோது, எந்தப் பாதையைக் கைவிடுவது என்று தீர்மானிக்கத் தலைவர் ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தார். அதற்குள் நான்கு முகவர்கள், அதாவது ஒவ்வொரு தரப்புக்காகவும் தானே பேசும் செயற்கை அறிவு நிரல்கள். ஒன்று நோயாளியின் பக்கம் நின்று யோசிக்கும். மற்றவை மருத்துவர், நிர்வாகம், சாரதி ஆகியோரின் பக்கம். நான்கும் தமக்குள் வாதாடி ஒரு முடிவைத் தரும். அவற்றுக்குத் தகவல் கொடுத்தவன் நான்தான். அண்ணனின் ஓட்டப் பதிவேட்டை ஒரு வரி விடாமல் தட்டச்சு செய்தேன். திகனைக்கு மேலே போகும் மலைப்பாதையைப் பற்றி, ‘மழை, சறுக்கல், பிரேக் சூடு’ என்று அவர் பல நாள் எழுதியிருந்தார். அந்தப் பாதையில் இருந்த நோயாளி ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மட்டுமே.

சாரதியின் பாதுகாப்பு கருதி மலைப்பாதையை நிறுத்த வேண்டும் என்று முதலில் சொன்னது சாரதி முகவர்தான். மற்ற மூன்றும் இணங்கின. அந்த முடிவைக் கூட்டத்தில் வாசித்தபோதுதான் அண்ணன் கை உயர்த்தினார்.

“நான் அப்பிடிச் சொல்லலீங்களே ஐயா. ரோட்டத் திருத்தணும்னுதான் எழுதுனேன். டீச்சர விட்டுட்டு வாறேன்னு எழுதல.”

“உங்க பக்கத்தயும் சேத்துத்தானே அது யோசிச்சிருக்கு,” என்றார் தலைவர். குரலில் கடுமை இல்லை. நியாயம் செய்துவிட்டதாகவே அவர் நம்பினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“பதிவேட்டுல சறுக்கல், பிரேக் சூடுன்னுதான் இருக்குங்க,” என்றேன். அது பொய்யல்ல என்பதுதான் இன்றுவரை என்னை வதைக்கிறது.

பாதை நிறுத்தப்பட்டதும் டீச்சர் பஸ்ஸில் வரப் பார்த்தார். இரண்டு கிழமைக்கு மட்டுமே அப்படி வர முடிந்தது. பிறகு படியேறக் கால் வரவில்லை. தன் ஓய்வு நாட்களில் அண்ணன் இரவல் ஆட்டோவில் அவரை ஏற்றிவந்தார். மற்ற நாட்களில் ஆளில்லை. மழைக்காலம் முடியுமுன் டீச்சர் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்த மறுநாள் அண்ணன் வேன் சாவியை என் மேசையில் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“தம்பி, அதுக்குள்ள என் பேர்ல பேசுதே, அத மட்டும் நிப்பாட்டிருங்க.”

“அது உங்க பேர்ல இல்லண்ணே, சாரதிங்கிற வேலைக்கு. அதத் தொட எனக்கு அனுமதியும் இல்ல.”

தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

புதிய சாரதி வந்து ஓராண்டாகிறது. கூட்டங்களுக்கு அவரை அழைப்பதில்லை. அவர் பக்கத்தைச் சொல்லத்தான் முகவர் இருக்கிறதே என்கிறார்கள். நான் குறிப்பெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.