ஓக்னியான் காதால் தேடிய பெட்டி

பிளெவன் நகரில் என் டயர் கடையை ஒட்டியே ஓக்னியானின் கார் எலக்ட்ரிக்கல் பட்டறை. ஐம்பது தாண்டியவன். டான்யூப் ஆற்றில் மீன் பிடித்த கதையில் அவன் அளக்காத பொய் கிடையாது. ஆனால் கதவுப் பூட்டையும் கண்ணாடியையும் இயக்க வண்டிக்குள் ஒளிந்திருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தேடுவதில் கெட்டிக்காரன். ஒரு காரில் அது டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும், இன்னொன்றில் சீட்டுக்குக் கீழே. இவன் கதவைப் பூட்டும் பொத்தானை அழுத்திவிட்டு, உள்ளே எங்கே ‘டக்’ என்கிறது என்று கண்ணை மூடிக் கேட்பான். அதற்கு என் காற்றடிக்கும் கம்ப்ரசர் வாயை மூட வேண்டும்.

“அந்தச் சனியனை அணைச்சுத் தொலைடா!”

“கஸ்டமர் நிக்கிறாங்கடா. உன் காதா எனக்குச் சோறு போடுது?”

திட்டிக்கொண்டே அணைப்பேன்.

சென்ற நவம்பரில் ஒரு காலை, ரொட்டிக்கடை இஸ்க்ராவின் காரைக் கயிறு கட்டி இழுத்துவந்தார்கள். கண்ணாடி தானாக இறங்கியது, கதவு தானாகப் பூட்டியது. கோடையில் அவள் தம்பி காமென் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்து தந்த வண்டி.

“வெள்ளத்துல மூழ்கின வண்டியைக் கூடப்பிறந்தவ தலையிலேயே கட்டிட்டான்ணே! இன்னிக்கு மத்தியானம் ஜெர்மனிக்கே திரும்ப பஸ் ஏறுறான். போய்த் தொலையட்டும். இனி அவன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்” என்றாள்.

ஓக்னியான் முன்பக்கம் கேட்டான், சீட்டுக்கடியில் கேட்டான். மத்தியானம் நெருங்கும்போது கடைசியில் டிக்கியின் இடப்பக்க அட்டையைக் கழற்றினான். பெட்டி அங்கேதான் இருந்தது. சொட்டச் சொட்ட ஈரம், ஒயர் இணைப்பு ஊசிகளில் பச்சைக் களிம்பு.

“பாத்தீங்களா? நான் சொல்லல?” என்றாள் இஸ்க்ரா.

ஓக்னியான் அந்த ஈரத்தை விரலால் தொட்டு நக்கினான். முகம் செத்துப்போயிற்று. எட்டிப் பார்த்தேன், லேசான ரோஸ் நிறம். எனக்கும் புரிந்துவிட்டது. ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் பீப்பாயில் முட்டைக்கோஸ் ஊறுகாய் போடுவான். நிறத்துக்குப் பீட்ரூட்டும் போடுவான். அந்தப் புளித்த உப்புத் தண்ணீரைக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ‘குடிச்சா உடம்புக்கு நல்லது’ என்று கேனில் ஊற்றி எல்லார் டிக்கியிலும் ஏற்றிவிடுவான். அதற்கு முந்தின வாரம் இஸ்க்ரா பின்விளக்கு மாற்ற வந்தபோது அவள் வண்டியிலும் ஏற்றியிருந்தான்.

வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. பழிதான் ஏற்கெனவே இன்னொருவன் தலையில் விழுந்தாயிற்றே! பேசாமல் இருடா என்று கண்ணைக் காட்டினேன். மடையன், என்னைப் பார்க்கவே இல்லை.

“இஸ்க்ரா, இது வெள்ளத் தண்ணி இல்லம்மா. என் கோஸ் தண்ணி. கேன் மூடியை நான்தான் சரியா முறுக்கல. வண்டி நல்ல வண்டி. உன் தம்பி மேல ஒரு தப்பும் இல்ல.”

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“நான் அவனை என்னவெல்லாம் பேசிட்டேன் தெரியுமாண்ணே?”

“அதை வழியில சொல்லு. வேன்ல ஏறு.”

இவர்கள் பஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பஸ் நகரத் தொடங்கிவிட்டதாம். ஓக்னியான் வேனை பஸ்ஸுக்குக் குறுக்கே நிறுத்தியிருக்கிறான். டிரைவர் இவன் வம்சத்தையே இழுத்துத் திட்டிக்கொண்டிருக்க, கதவு திறந்து காமென் இறங்கியிருக்கிறான்.

“வண்டி நல்ல வண்டிதான்டா” என்றாளாம் இஸ்க்ரா. அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம்.