சாவி இல்லாத மஹர்

கிரிப்டோ பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று கீழ்க்கட்டளையில் எங்கள் தெரு முழுக்க ஒரு வதந்தி. நாய்க்குட்டி முகம் போட்ட காயின் கொஞ்சம் வாங்கி, அதைத் திறக்கும் பாஸ்வேர்டைத் தொலைத்தவன் நான். மற்றவர்கள் அந்த அளவுக்குக்கூடப் போகாததால் நான் நிபுணன்.

பக்கத்து வீட்டு பாய்க்குப் பல்லாவரத்தில் தோல் பை வியாபாரம். மகளுக்கு மஹர் பேசும் நாளில் என்னையும் கூப்பிட்டு, என் பாஸ்வேர்டு கதையை மாப்பிள்ளையிடம் சொல்லி உட்கார வைத்தார். நிக்காஹில் மாப்பிள்ளை பெண்ணுக்கென்று கொடுப்பது மஹர். அது அவளுக்கே சொந்தம்; பெற்றவரும் தொடக்கூடாது, கட்டியவரும் தொடக்கூடாது. இந்த மாப்பிள்ளை அதைப் பவுனாகத் தரமாட்டாராம், டிஜிட்டல் காயினாகத் தருவாராம்.

“இது சுதந்திரமான பணம் அங்கிள். பேங்க் கிடையாது, கவர்மென்ட் கிடையாது. யாரையும் நம்பவே வேணாம். அதான் இதோட ஃபிலாசஃபி,” என்றார் மாப்பிள்ளை.

நான் தலையாட்டினேன். வாயில் சமோசா இருந்தது. இல்லாவிட்டாலும் ஆட்டியிருப்பேன். “உலகமே அங்கதான் போய்கினு இருக்கு பாய்,” என்று எடுத்தும் கொடுத்தேன்.

திரைக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் வந்தது. “அதைத் திறக்க ஒரு பாஸ்வேர்டு இருக்குமாமே. யார்கிட்ட இருக்கும்?”

“என்கிட்டதான். உனக்கு எதுக்கு அந்தப் பேஜாரு? தொலைச்சிடுவ. சாரையே பாரு, தொலைச்சிட்டு உக்காந்திருக்காரு!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வெட்கம் கெட்டவன்.

“சாவி உங்ககிட்ட இருந்தா பணமும் உங்களோடதுதான். அப்ப எனக்கு என்ன குடுத்தீங்க?”

“நிக்காஹ் ஆயிட்டா நீ வேற, நான் வேறயா? என்னை நம்ப மாட்டியா?”

யாரையும் நம்பவே வேண்டாம் என்று இப்போதுதான் சொன்ன வாய் அது. அடைத்துக்கொண்ட சாக்கடைக்கு சென்ட் அடித்தது போல ஒரு பேச்சு. அதற்கு இவ்வளவு நேரம் தலையாட்டியது என் கழுத்துதான்.

“நீங்க சொல்லுங்க சார்,” என்றார் பாய்.

நிபுணனான நான் முதன்முறையாக உருப்படியாக வாயைத் திறந்தேன். “பாஸ்வேர்டைப் பொண்ணு கையில குடுத்துடச் சொல்லுங்க.”

மாப்பிள்ளை பதறிவிட்டார். “அதெப்படி சார்? அதுல என்னோட மத்த காயினெல்லாம் இருக்கே!”



“அத்தா, பவுனா வரட்டும். அப்புறம் தேதி பாருங்க,” என்றாள் பெண்.

காயினை விற்றுப் பவுன் வாங்க எத்தனை நாளாகும் என்று பாய் கேட்டார். மாப்பிள்ளை போனைத் தடவிப் பார்த்தார். “விலை இறங்கிக் கிடக்கு அங்கிள். இப்ப வித்தா எனக்கு நஷ்டம்.”

“அப்போ உங்களுக்கு நஷ்டம் ஆவாத நாளாப் பாத்து வாங்க தம்பி,” என்று பாய் எழுந்து நின்றுவிட்டார்.