தோண்டாத நிலத்தின் போட்டோ

எங்கள் வீட்டில் முதன்முதலில் எழுதப் படிக்கக் கற்றவள் நான். அப்பா கைநாட்டு. அம்மா தன் பெயரை மட்டும் எழுதுவாள். அதையும் கோலம் போடுவது போல எழுதுவாள், நடுவில் யாராவது பேசிவிட்டால் மறுபடி முதல் எழுத்திலிருந்து ஆரம்பிப்பாள். அதனால் மின்சாரத் துறை நோட்டீஸ், ரேஷன் கடைச் சீட்டு, பக்கத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகை எல்லாம் என் கைக்குத்தான் வரும். நான் படிக்கும்போது நாலு பேர் வாயைத் திறக்காமல் நிற்பார்கள். அவர்கள் அப்படி நிற்பது எனக்குப் பிடிக்கும். இதை மறைத்துவிட்டு மற்றதை எழுத முடியாது.

அரியாங்குப்பத்துக்குத் தெற்கே எங்களுக்கு முக்கால் காணி நிலம் இருந்தது. கனகாம்பரம் போட்டிருந்தோம். விடிந்ததும் அப்பாவும் அம்மாவும் பூப்பறிப்பார்கள். அம்மா கூடையோடு பஸ் ஏறிப் பெரிய மார்க்கெட்டுக்குப் போய்விடுவாள். அதே ரூட்டில் ஒன்பது மணி பஸ்ஸில் நான் காலேஜுக்குப் போவேன். என் பீஸ், என் பஸ் பாஸ், இரண்டு நல்ல சுடிதார் எல்லாம் அந்தப் பூவிலிருந்து வந்தவை.

எங்கள் நிலத்தில் நின்றால் கடல் தெரியாது. ஆனால் போர்வெல் தண்ணீரில் தெரிய ஆரம்பித்தது. முதலில் டீ ருசி மாறியது. பிறகு வாய்க்கால் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தது. அதற்கடுத்த கோடையில் கனகாம்பரத்தின் இலை நுனிகள் நெருப்பில் காட்டியது போலக் கருகின. அப்பா ஒவ்வொரு இலையாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். இன்னும் இரண்டு கோடைதான் செடி தாங்கும் என்று அவரே சொன்னார். அதன் பிறகு நிலம் இருக்கும், பயிர் இருக்காது.

மழைத் தண்ணீரைத் தேக்க நிலத்தின் மூலையில் பண்ணைக்குட்டை வெட்டினால் அரசு பாதிச் செலவை ஏற்கிறது என்று அந்த வருடம்தான் கேள்விப்பட்டோம். மிஷின் வைத்து ஆழமாகத் தோண்டவும், பக்கங்களில் கல் பதிக்கவும் பாதி அவர்கள், பாதி நாம். எங்கள் பங்கில் கொஞ்சத்தை உடம்பு உழைப்பாகவும் கொடுக்கலாம். காலேஜ் விட்டதும் நானே டவுனில் இருந்த ஆபீசுக்குப் போய் விண்ணப்பம் வாங்கி வந்தேன். பாண்டிச்சேரி என்று அச்சடித்திருந்ததன் மேல் புதுச்சேரி என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தார்கள். ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கிறவர் ஒருவர் குடை கட்டி உட்கார்ந்திருந்தார். "எழுதணுமா பாப்பா?" என்று கேட்டார். "எனக்கு எழுதத் தெரியும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

நாலு பக்கம். கறுப்பு மை. ஒரு அடித்தல்கூட இல்லாமல் எழுதி முடித்தேன். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருந்தன. நாலாவது நிபந்தனை இது: அதிகாரி நேரில் வந்து பார்த்து அனுமதி தருவதற்கு முன் வேலை தொடங்கியிருக்கக் கூடாது. நான் அதைப் படித்தேன். படிக்கவில்லை என்று இன்றைக்கு எழுதிவிடலாம். படித்தேன்.

கட்டைவிரலில் மை தடவிக்கொண்டு அப்பா கேட்டார். "ஒரு தபா முழுசா படிச்சுக் காட்டும்மா."

மறுநாள் எனக்குப் பரீட்சை. அது ஒரு காரணம்தான். "அது கவர்மெண்ட்டு பாஷைப்பா, உனக்குப் புரியாது. நான் பாத்துக்கறேன், நீ வை."

"எங்க வைக்கணும்?"

காட்டினேன். 'மேற்கண்ட நிபந்தனைகளைப் படித்துக் கேட்டுப் புரிந்துகொண்டேன்' என்ற வரிக்குக் கீழே அப்பாவின் விரல் விழுந்தது.

"ஆபீசர் வருவாங்களா?"

"வருவாங்க. வந்து எடத்தப் பாப்பாங்க."

அவ்வளவுதான் நான் சொன்னது.

இரண்டு மாதம் கழித்து, வரும் புதன்கிழமை பார்வையிட வருகிறோம் என்று கார்டு வந்தது. அதைப் படித்துச் சொல்லிவிட்டு நான் காலேஜ் சேவை முகாமுக்கு மூன்று நாள் கிளம்பிப் போனேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பையோடு நேராக நிலத்துக்குத்தான் போனேன். தூரத்திலேயே புது மண் குவியல் தெரிந்தது.

மூலையில் இடுப்பளவுக்குக் குழி. அதற்குள் அப்பா, சித்தப்பா, தெருக்காரர்கள் நாலு பேர். அப்பா முந்தின வருடம் அவர்கள் வீட்டுக்கெல்லாம் கடைக்கால் தோண்டப் போனவர். அதற்குப் பதில் வேலைக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். வரப்பில் சூடம் எரிந்த கரி, குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம், காலியான கூழ் குண்டான்.

"வா வா, வந்து பாரு" என்று அப்பா குழிக்குள்ளிருந்தே கூப்பிட்டார். "நாளைக்கு ஆபீசர் வந்தா அசந்துபோவாரு."

"மொட்டை நெலத்தக் காட்டுனா யாரு பணம் குடுப்பா?" என்றார் சித்தப்பா. "பொண்ணு பாக்க வர்றாங்கன்னா மூஞ்சி கழுவிப் பூ வச்சிதானே நிறுத்துறோம்? இவன் வேலை செய்யற ஆளுன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

"இவரு பொண்ணு பாக்கப் போனப்ப இவருதான் மூஞ்சி கழுவல" என்று வரப்பிலிருந்து சித்தப்பாவைக் காட்டிச் சொன்னாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா மண்வெட்டியைத் தோளில் வைத்து மாப்பிள்ளை மாதிரி நின்று காட்டினார்.

நாலாவது நிபந்தனை எனக்கு எழுத்து எழுத்தாக நினைவு வந்தது. அப்பாவின் முதுகெல்லாம் மண். அப்படிச் சிரித்து நான் அவரைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

"நல்லாருக்குப்பா" என்றேன்.

அந்த நேரத்திலும் சொல்லியிருக்கலாம். காலையில் ஆபீசுக்குப் போன் போட்டு என்ன செய்வது என்று கேட்டிருக்கலாம். ஏதாவது வழி இருந்திருக்குமோ இல்லையோ, கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால், நான் படித்தும் சொல்லவில்லை என்பது அந்த ஆறு பேர் முன்னால் வெளியே வந்துவிடும். அதிகாரி பார்த்தும் பாராமல் விட்டுவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை அவர் டிவிஎஸ் வண்டியில் வந்தார். கழுத்தில் கேமரா. தங்கமான மனுஷர். அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து பைலைப் பிரித்தார். "யாருப்பா எழுதினது இது? எங்க ஆபீஸ்லகூட இவ்ளோ சுத்தமா எழுத மாட்டாங்க. ஒரு திருத்தல் இல்ல."

"எம் பொண்ணு சார்" என்றார் அப்பா. "காலேஜு படிக்குது."

அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு எழுந்து மூலைக்குப் போனார். குழியைப் பார்த்தார். கேமராவின் மூடியைக் கழற்றாமலே நின்றார்.

"என்னங்க இது?"

"நம்ம பங்கு வேலை சார்" என்றார் அப்பா. "ஆரம்பிச்சுட்டோம்."

"அய்யோ. ஏங்க, தோண்டாத நெலத்த மொதல்ல நான் போட்டோ எடுக்கணும். அத பைல்ல வச்சாதான் அனுமதியே. இப்ப நான் எதைப் போட்டோ எடுக்கறது?"

"மூடிடறோம் சார்" என்றார் சித்தப்பா. "மத்தியானத்துக்குள்ள மூடிடலாம். நீங்க ஒரு டீ சாப்ட்டு வாங்க."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அது உடனே நின்றும் போனது. "மூடுன மண்ணு தெரியாதாங்க? எனக்கு மேல ஒருத்தர் வந்து பாப்பாரு. பழைய குழியக் காட்டி மானியம் கேக்கறவன் இருக்கான், அதுக்குத்தான் இந்த ரூல். உங்கள நான் சொல்லல. ஆனா கண்ணால பாத்துட்டு எப்படி நான் கையெழுத்துப் போடுவேன்?" கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் நீட்டினார். "நீதானம்மா எழுதினே? நாலாவது இருக்கே, படிக்கலியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் காகிதம் படிக்கும்போது எப்படி நிற்பார்களோ அப்படியே நின்றார்கள்.

"அதுக்குத் தெரியாது சார்" என்றார் அப்பா. "அது ஊர்லயே இல்ல, முகாமுக்குப் போயிருந்துது. நாந்தான் அவசரப்பட்டுட்டேன். படிக்காதவன் புத்தி."

அதிகாரி பைலை மூடினார். அடுத்த வருடம் புதிதாக விண்ணப்பம் போடுங்கள், ஆனால் வேறு இடத்தில்தான் வெட்ட முடியும் என்றார். முக்கால் காணியில் மழைத் தண்ணீர் தானாக இறங்கி வரும் மூலை அது ஒன்றுதான்.

ஐப்பசி மழையில் அந்தக் குழி நிறைந்தது. அப்பா இரண்டு கையிலும் அள்ளிக் குடித்துப் பார்த்தார். "தித்திப்பா இருக்கு" என்றார். கல் பதிக்காத மணல் பூமி. பத்தே நாளில் பக்கங்கள் சரிந்து மூடிக்கொண்டன. அடுத்த கோடையில் பாதிச் செடி போனது. அதற்கடுத்த கோடை வரை அப்பா காத்திருக்கவில்லை. பக்கத்து நிலக்காரர்கள் மனைக்குக் கொடுத்தபோது எங்களுடையதும் சேர்ந்து போனது. கிரயப் பத்திரத்தை நான்தான் படித்தேன். அந்த முறை ஒரு வரி விடாமல், சத்தமாக, அப்பா போதும் என்று சொன்ன பிறகும் படித்தேன்.

அப்பா இப்போது டவுனை ஒட்டிய கதிர்காமத்தில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீட்டில் வாட்ச்மேன். அம்மா மார்க்கெட்டில் அதே இடத்தில்தான் உட்காருகிறாள். எங்கிருந்தோ மூட்டையில் வரும் கனகாம்பரத்தை எடை போட்டு வாங்கித் தொடுக்கிறாள். "நம்ம பூ மாதிரி நிறம் இல்ல" என்பாள், வாங்க வருகிறவர்களுக்குக் கேட்காமல்.

போன மாதம் சம்பளம் வாங்கியதும் அப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டர் கொடுக்கப் போனேன். கேட்டருகில் வேறொரு வாட்ச்மேன் நின்றிருந்தார். அவரிடம் என்னைக் காட்டி அப்பா சொன்னார்: "எம் பொண்ணு. நாலு பக்கம் மனு எழுதுச்சு, ஒரு தப்பு இல்ல. ஆபீசரே சொன்னாரு. நான்தான் அத வீணாக்கிட்டேன்."

அந்த வாட்ச்மேன் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் ஸ்வெட்டரைப் பிரித்து, அப்பாவின் தோளில் வைத்து அளவு பார்த்தேன்.

"சரியா இருக்காம்மா?" என்றார் அப்பா.

"சரியா இருக்குப்பா" என்றேன்.