பாதி காலியா ஒரு பைப்பு

நான் யாரையும் லேசுல நம்ப மாட்டேன். கடையில எடை போட்டா சாமானைப் பாக்க மாட்டேன், தராசைத்தான் பாப்பேன். கிளியனூர்ல கோவிந்தம்மாள்னா எல்லாருக்கும் தெரியும்.

அப்பேர்ப்பட்ட எங்கிட்ட வந்து மாட்டுனவன் லூர்துநாதன். திண்டிவனத்து எலெக்ட்ரீஷியன். நாப்பது வயசு, பேச்சு ரொம்பக் கம்மி. கம்மியாப் பேசுறவன்னா எனக்குச் சந்தேகம் ரெண்டு மடங்கு.

கரும்பு லாரி ஒண்ணு என் போர் மோட்டாருக்குப் போற ஒயரை இழுத்துக்கினு பூட்டுச்சு. ரெண்டு ஏக்கரா மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, விழுது எறங்குற சமயம். இன்னும் நாலு நாள் தண்ணி இல்லன்னா அவ்ளோதான். லூர்து வந்து பாத்துட்டு, "தரைக்கு அடியில பைப்பு போட்டுக் கேபிளை இழுத்துடலாம்மா. ரெண்டு இன்ச் பைப்பு ஆறு வாங்குங்க"ன்னான்.

கேபிள் என் கட்டைவெரல் தண்டிதான் இருந்துச்சு. "இதுக்கு எதுக்குடாப்பா ரெண்டு இன்ச்?"

"பைப்புல பாதிக்கு மேல காலியா இருக்கணும்மா. இல்லன்னா இழுக்க வராது, சூடும் ஏறும்."

காசு குடுத்து காலி எடம் வாங்கணுமாம்! கடைக்காரனுக்கும் இவனுக்கும் ஏதோ இருக்குதுன்னு முடிவே பண்ணிட்டேன்.

பள்ளம் தோண்டி, பைப்பெல்லாம் வந்து எறங்குச்சு. பைப்பை ஒட்டி, உள்ள கயிறு விட்டு மூடி வைக்கச் சொல்லிட்டு, தங்கச்சி மவ கல்யாணத்துக்கு லூர்து விழுப்புரம் போயிட்டான். நான் ஒரு துண்டு கேபிளை எடுத்துக்கினு வேற கடைக்குப் போயி, ஒண்ணேகால் இன்ச் பைப்புல விட்டுப் பாத்தேன். வழுக்கிக்கினு போச்சு. பாத்தியா திருட்டுப் பயலன்னு நாலு பைப்பு வாங்கியாந்தேன். அவன் கண்ணுல படுற ரெண்டு முனையிலயும் பெரிய பைப்பு, நடுவுல நாலும் சின்னது. கூலிக்கு வந்த மாரியப்பன், "வாணாம்மா"ன்னு தலையைச் சொறிஞ்சான். நான் போட்ட சத்தத்துல மண்ணைத் தள்ளி மூடிட்டான். மிச்சப் பெரிய பைப்பு நாலும் வைக்கோலுக்கு அடியில, அப்புறமாக் கடையில திருப்பிக் குடுத்துக் காசை வாங்கிடலாம்னு.

லூர்து திரும்பி வந்து கேபிளைக் கயித்துல கட்டுனான். அப்பத்தான் பாத்தேன். ஒண்ணு இல்ல, ரெண்டு கேபிள். பெரிய மோட்டாருக்கு ரெண்டு போவணுமாம். நான் ஒத்தையைத்தானே விட்டுப் பாத்தேன்!

இருபது அடி போச்சு. நின்னுடுச்சு. அவனும் மாரியப்பனும் இழுத்து இழுத்து உள்ளங்கை தோலே உரிஞ்சு பூட்டுச்சு. லூர்து அப்பிடியே குந்திக்கினான். "என் கணக்கு தப்பாப் போச்சும்மா. இதுவரைக்கும் இப்பிடி ஆனதில்ல. கூலி வாணாம், நானே தோண்டிப் பாக்குறேன்."

நடிக்கிறானோன்னு அப்பவும் தோணுச்சு எனக்கு. என்ன பொறப்போ நான்.

மொட்டை வெயில்ல அவனே தோண்டுனான். பெரிய பைப்பும் சின்ன பைப்பும் சேர்ற எடம் தெரிஞ்சுது. ரெண்டையும் வெரலால அளந்து பாத்தான். மாரியப்பன் தண்ணி எடுக்கப் போயிருந்தான். லூர்து எங்கிட்ட வந்து ரகசியமா, "பைப்பை மாத்தி வித்துட்டான்மா உங்க ஆளு. நீங்க பாவம், எல்லாரையும் நம்பிடுறீங்க"ன்னான்.

என்னைப் பாத்து! மாரியப்பன் வேற குடத்தைத் தூக்கிக்கினு வந்துக்கினு இருந்தான். நான் வாயைத் தொறக்காம இருந்திருந்தா பழி அவன் தலையில போயிருக்கும்.

"அவன் இல்லப்பா. நான்தான் மாத்துனேன். உன்னைத்தான் நம்பல."

லூர்து மூஞ்சியைத் தொடைச்சுக்கினான். "பெரிய பைப்பு எங்க?"ன்னான். வைக்கோலைக் காட்டுனேன். "ஜல்தி எடுங்க, பயிரு காயுது." மறுநா சாயங்காலம் தண்ணி பாய்ஞ்சுது. மல்லாட்டை பொழைச்சுக்கிச்சு.

இப்பவும் கூப்பிட்டா வர்றான். அதே மரியாதை, அதே கம்மிப் பேச்சு. ஆனா என் வீட்டுல ஒரு ஸ்விட்ச் மாத்துறதுன்னாலும், நான் வாங்கி வச்ச சாமானைக் கையில எடுத்து, திருப்பித் திருப்பிப் பாத்துட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறான். வேற வீட்டுல அப்பிடிப் பாக்குறதில்லையாம். மாரியப்பன்தான் சொன்னான்.