கியாட் என்று யாரும் கூப்பிடக் கூடாது

இந்தக் காலத்து ஆட்களுக்குப் பயப்படக்கூடத் தெரியவில்லை. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பேய்க் கதை கேட்கிறார்கள். கேட்டுக்கொண்டே நூடுல்ஸ் சாப்பிடுகிறார்கள். ஒன்று முடிந்தால் இன்னொன்று போடு என்கிறார்கள். பேய் என்ன, தொட்டுக்கொள்ளும் ஊறுகாயா?

நான் சொல்லப்போவது கட்டுக்கதை இல்லை. நான் நின்ற இடத்துக்குப் பத்தடி தள்ளி நடந்தது. நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப்போவதில்லை. நானே இன்னும் நம்பவில்லை. பார்த்தேன். அவ்வளவுதான்.

பாங்காக்கில் லாட்ப்ராவ் பக்கம், சினிமாவுக்கு ஆள் எடுக்கும் இடத்தில் எனக்கு வாசல் வேலை. நடிக்க வருகிறவர்களை வரிசையாக உட்காரவைத்து, பேர் சொல்லி உள்ளே அனுப்புவேன். படிப்பு எனக்கு அவ்வளவாக இல்லை. காகிதத்தில் இருக்கும் நீளமான பேர்களை எழுத்துக்கூட்டி வாசிப்பதற்குள் பொழுது போய்விடும். அதனால் வீட்டுப் பேரைக் கேட்டு வைத்துக்கொள்வேன். தாய்லாந்தில் எங்கள் எல்லாருக்கும் அப்படி ஒன்று உண்டு. பன்றி, இறால், குண்டு என்று எதையாவது வைத்துவிடுவார்கள். நல்ல பேராகக் கூப்பிட்டால் குழந்தையை ஏதாவது தூக்கிக்கொண்டு போய்விடும் என்று அம்மாக்களுக்குப் பயம்.

படப்பிடிப்பில் எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பிணமாக நடிக்கிறவர்களை எழுப்புவது. கட் சொன்னதும் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் போய் வீட்டுப் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதற்கப்புறம்தான் அவர்கள் கண்ணைத் திறப்பார்கள். கூப்பிடாவிட்டால் உயிர் பெட்டியிலேயே தங்கிவிடும் என்று பயம். பல வருடமாக நான்தான் எழுப்பினேன். நம்பிக்கையால் இல்லை. எழுப்ப ஆள் இல்லையென்றால் ஒருத்தரும் பெட்டியில் படுக்க மாட்டார்கள், அதனால்.

நான் சொல்லவந்த படத்தின் டைரக்டர் கெங். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பையன். கதை எழுதி வைத்துக்கொள்ளாமலே ஆள் எடுக்க ஆரம்பித்தான். வருகிற ஒவ்வொருத்தரையும் கேமரா முன்னால் உட்காரவைத்து, "உங்க வாழ்க்கையில நடந்த ஒரு சாவப் பத்திச் சொல்லுங்க" என்பான். யார் சொல்வது நன்றாக இருக்கிறதோ அதுதான் கதையாம்.

"ஊரான் வீட்டுச் சாவுல உனக்குப் படமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உண்மையான கதைக்குத்தான் லுங் உயிர் இருக்கு," என்றான். வயதானவன் என்பதால் என்னை எல்லாரும் லுங் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரியப்பா மாதிரி.

சுபன்புரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கட்டையான உடம்பு, வெயிலில் கறுத்த முகம், ரப்பர் செருப்பு. பேர் புவாலோய். கதவு பாதி திறந்திருந்ததால் எல்லாம் எனக்குக் கேட்டது.

"யாரோட சாவு அக்கா?" என்றான் கெங்.

"என்னோடதுதான் தம்பி. செத்தேன். திரும்பி வந்தேன்."

காய்ச்சலில் கிடந்தாளாம். மூச்சு நின்றுவிட்டது என்று பெட்டியில் போட்டுக் கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிக்குகள் ஓத உட்கார்ந்த நேரத்தில் அவளுடைய அம்மா எழுந்து வந்து பெட்டியைத் தட்டியிருக்கிறாள்.

"கிழவிக்கு ஞாபகம் நிக்காது. நான் செத்ததே மறந்து போச்சு. 'புவாலோய், எழுந்திரு, அடுப்பு அணையுது'ன்னு வேலை சொன்னா. நானும் எழுந்துட்டேன். பிக்குங்கல்லாம் ஒரே ஓட்டம்."

அவள் சிரித்தாள். உள்ளே எல்லாரும் சிரித்தார்கள். கெங் மட்டும் சிரிக்கவில்லை. கதை கிடைத்துவிட்டது அவனுக்கு.

"நானே நடிச்சுடறேன். பெட்டில படுக்க எனக்குச் சொல்லித்தர வேணாம்," என்றாள்.

"கதை பிரமாதம் அக்கா. ஆனா முகம்... கேமராவுக்கு வேற மாதிரி வேணும்."

"செத்தவளுக்கு எதுக்குடா அழகு?"

அவன் அடுத்த ஆளை அனுப்பச் சொன்னான். வெளியே வந்தவள் என்னைப் பார்த்து, "சோத்த எடுத்துக்கிட்டுப் பானைய வெளிய வெக்கிறான் லுங்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வேஷம் கியாட்டுக்குக் கிடைத்தது. கியாட் என்றால் குட்டித் தவளை. மார்க்கெட்டில் வாழைப்பழம் பொரித்து விற்கிறவளின் ஒரே மகள். அதுவரை கூட்டத்தில் நின்றவள், டீ கொண்டுவரும் பெண்ணாக வந்தவள். முதல் பெரிய வேஷம். வாய்க்காரி. "லுங், நான் பேரு வாங்கினா உங்க வாசல் வேலை போயிடும், என் வீட்டு வாசல்ல உக்காந்துக்கோங்க" என்பாள்.

கெங் அன்றே எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னான். "படம் முடியிற வரைக்கும் இவள யாரும் கியாட்னு கூப்பிடக் கூடாது. சாப்பிடக் கூப்பிட்டாலும் புவாலோய்தான். பொய்ப் பேரு வெச்சா நடிப்பும் பொய்யா இருக்கும். அதான் அந்த அக்கா பேரையே வெச்சிருக்கேன்."

"பெட்டியிலேர்ந்து எழுப்பறப்ப?" என்றேன்.

"அப்பவும்தான் லுங்."

பெட்டிக் காட்சியை அயுத்தயா பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் எடுத்தார்கள். வெளியே பட்டப்பகல். உள்ளே சுற்றிலும் கறுப்புத் துணி கட்டி ராத்திரி ஆக்கியிருந்தார்கள். மெழுகுவத்தி. புழுக்கம். பின்னால் ஜெனரேட்டர் ர்ர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது.

படுப்பதற்கு முன்னால் கியாட் என் பக்கத்தில் வந்தாள். அன்றைக்கு அவள் வாயில் கேலி இல்லை.

"லுங், கட் சொன்னதும் மெதுவா ஒரு தடவ என் பேர சொல்லிடுங்க. அம்மா சொல்லி அனுப்பிச்சா."

"சொல்றேன், போ."

படுத்தாள். மூடியைச் சாத்தினார்கள். என் குரல் விழுந்துவிடும் என்று என்னைத் துணிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். ஒரு கிழிசல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டும்... டும்... டும்...

பிக்குகளின் சாப்பாட்டு முரசு. பதினோரு மணி. எந்தக் கோயிலிலும் அந்த நேரத்துக்கு அடிப்பார்கள். ஒலிப்பதிவுக்காரன் கையைத் தூக்கினான். எல்லாரும் காத்திருந்தோம். பெட்டிக்குள் அவளும் காத்திருந்தாள்.

முரசு ஓய்ந்தது. கெங் தலையை ஆட்டினான். அம்மா வேஷக்காரி பெட்டியைத் தட்டினாள்.

"புவாலோய், எழுந்திரு. அடுப்பு அணையுது."

சத்தம் இல்லை.

ஜெனரேட்டர் சத்தமும் எனக்குக் கேட்கவில்லை.

பிறகு உள்ளேயிருந்து... "இதோ வரேம்மா."

மூடி நகர்ந்தது. அவள் எழுந்தாள். முழங்காலில் கையை ஊன்றி, முனகிக்கொண்டு எழுந்தாள். இருபது வயதுப் பெண் அப்படி எழுந்து நான் பார்த்ததில்லை.

"பானைய யாராச்சும் இறக்கினீங்களா? குழம்பு தீயுது..."

வசனத்தில் அது இல்லை. பேச்சும் சுபன்புரி இழுப்பு. கியாட் பாங்காக்கை விட்டு வெளியே போனதே அன்றைக்குத்தான்.

கெங் கட் சொல்லவில்லை. கேமராக்காரனிடம் ஓட்டு, ஓட்டு என்று கை காட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது. நடிப்பு என்று நினைத்துக்கொண்டான்.

நான் துணியை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். ஒலிப்பதிவுக்காரன் என் மணிக்கட்டைப் பிடித்தான். உதட்டில் விரலை வைத்தான். உதறிப் பார்த்தேன். இளவட்டம். பிடி விடவில்லை.

"கியாட்," என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை.

திரும்பி... பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள்.

நான் உள்ளே இருக்கும் வேறு யாரையோ கூப்பிட்ட மாதிரி.

"யாரு லுங் கியாட்?" என்றாள்.

படப்பிடிப்பு நிற்கவில்லை. நான் கெங்கைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "லுங், ஒரு நடிகை இப்படி வேஷத்துக்குள்ள போறது வாழ்க்கையில ஒரு தடவதான் நடக்கும். கெடுத்துடாதீங்க," என்றான். மேக்கப் போடுகிறவர்கள்கூட அவளைப் பார்த்துக் கைதட்டினார்கள். நான் ஒருத்தன் என்ன செய்ய?

கியாட்டின் அம்மா வந்தாள். மகள் பாயை விரித்து, "உக்காருங்க அக்கா, எந்த ஊரு?" என்று மரியாதையாகக் கேட்டாள். அம்மா, போன உயிரைத் திரும்ப அழைக்கிற வெள்ளை நூலை அவள் மணிக்கட்டில் கட்டி, வீட்டுக்கு வாடி கியாட், வாடி என்று விடாமல் கூப்பிட்டாள். அந்தப் பெண் கையை நீட்டிக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் கேட்டாள். "எப்ப என்னை ஊருக்கு அனுப்புவாங்க? எங்கம்மாவுக்கு ஞாபகம் நிக்காது. தனியா இருக்கும்."

படம் முடிந்து பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். வேஷம் மனதில் ஒட்டிக்கொண்டது, மெல்ல விட்டுவிடும் என்று மாத்திரை கொடுத்தார்கள். நானும் அதைத்தான் நினைத்தேன்.

அதற்கப்புறம்தான் கெங், கதை கொடுத்த புவாலோய்க்கு ஒரு பழக்கூடையோடு உதவியாளனை அனுப்பினான். அவன் கூடையோடு திரும்பி வந்தான்.

அவளை எரித்து நாளாகிவிட்டதாம். நாங்கள் பெட்டிக் காட்சி எடுத்த அதே நாளில் செத்திருக்கிறாள். அடுப்படியில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த ஊர்க் கோயிலில் பதினோரு மணி முரசு அடித்து ஓய்ந்தது. "இதோ வரேம்மா" என்று சொல்லிக்கொண்டே எழுந்தவள் அப்படியே விழுந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி பார்த்திருக்கிறாள்.

கூப்பிட்டது யார் என்று அந்தப் பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியவில்லை.

கிழவி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

கெங் சிகரெட் பற்றவைத்தான். "தற்செயல் லுங்," என்றான். நானும் ஆமாம் என்றேன். மாரடைப்புக்கு நேரம் காலம் கிடையாது. அடுப்படியில் எத்தனையோ பேர் விழுந்து சாகிறார்கள்.

கியாட்டின் அம்மாவிடம் யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. மறுநாள் காலையிலேயே என் வாசலில் வந்து நின்றாள். அந்தப் பெட்டி எங்கே என்று கேட்டாள். அழைத்துக்கொண்டு போனேன்.

படங்களுக்குப் பெட்டி வாடகைக்கு விடும் கோடவுன் அது. தகரக் கூரை. நல்ல வெயில். எங்கள் பெட்டி சுவர் ஓரமாக இருந்தது. நாளைக்கு வேறு படத்துக்குப் போகிறது என்றான் கோடவுன்காரன்.

"நீங்க கூப்பிடுங்க லுங். நீங்கதான எழுப்புவீங்க."

இவளுக்காக என்று கூப்பிட்டேன். "கியாட்."

டொக்.

மூடியைத் தூக்கினேன். காலி. வெள்ளைத் துணி போட்ட பஞ்சு மெத்தை. நடுவில் பள்ளம்... தலை, தோள், இடுப்பு, குதிகால்.

பழைய பஞ்சு அமுங்கித்தான் இருக்கும்.

"எழுந்திரு கியாட்," என்றேன். இன்னொரு தடவை சொன்னேன். பள்ளம் அப்படியே இருந்தது. எழுந்து எங்கே போவது? உடம்பு வேறு இடத்தில் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

அம்மா பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் கிளம்புகிறேன் என்றேன். அவள் திரும்பவில்லை. வெளியே வந்து நடந்தேன். தகரம் வெயிலில் விரிந்தால் சத்தம் போடும். மரமும் போடும். எனக்குத் தெரியாததா?

பின்னால் அவள் குரல் கேட்டது.

"சாப்பிட்டியா?"

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

"ம்... இருட்டாவா இருக்கு?"

கொஞ்ச நேரம்.

"அழாதடி. அம்மா இங்கதான இருக்கேன்."

பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் தனியாகப் பேசத்தான் செய்வார்கள். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தேன்.