இரண்டாவது ரீல் முடியும்வரை

பேகம்பேட் விமான நிலையத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் காலனி கிளப்பில் ஒரே ஒரு புரொஜக்டர்தான். சனிக்கிழமை மாலைப் படத்தில் ஒரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு, அடுத்த ரீலை மாட்டி, மறுபடி அணைக்க வேண்டும். தொழிற்சாலையில் எனக்கு டூல் ரூமில் வேலை. கிளப்பில் நான் ஆபரேட்டர். எதில் தலைக்கனம் அதிகம் என்று கேட்டால், யோசிக்காமல் கிளப்பில் என்பேன்.

வெள்ளிக்கிழமையே படத்தைத் தனியாக ஓட்டிச் சரிபார்த்துவிடுவேன். இரண்டாம் முறை பார்க்கும்போது கதை தெரிந்திருக்கும், டைரக்டரின் கைவேலை மட்டும் கண்ணில் படும். மர்மப்படமென்றால், கட்டிலுக்கடியில் ஒருவன் ஒளிந்திருப்பதை முதலில் நமக்குக் காட்டிவிடுவார். பிறகு வீட்டுக்காரி வந்து, வளையலைக் கழற்றி, பாலைக் குடித்து, ஜன்னலைச் சாத்தி, ஆற அமரப் படுப்பாள். பின்னணி இசைகூட இருக்காது. எங்கோ குழாய் சொட்டும். நமக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தை. அப்படிப்பட்ட இடத்தில் ரீல் முடிந்தால் எனக்குக் கொண்டாட்டம். லென்ஸைத் துடைப்பதுபோல் பாவனை செய்து ஐந்து நிமிடத்தைப் பத்தாக்குவேன். "ஜல்தி, பையா, ஜல்தி!" என்று பின்வரிசை அலறும்.

என் தங்கைக்கு மட்டும் இந்த விளையாட்டே ஆகாது. புரொஜக்டருக்குப் பக்கத்து நாற்காலி அவளுடையது. படம் தொடங்கும் முன்பே என் சட்டையைப் பிடித்து இழுப்பாள்.

"அண்ணா, அவ பொழைப்பாளா மாட்டாளா? சொல்லிடு."

"சொன்னா சஸ்பென்ஸ் போயிடும்டி."

"உன் சஸ்பென்ஸ் எனக்கு நக்கோ, வேணவே வேணாம். முடிவு தெரிஞ்சாத்தான் நான் நிம்மதியா பார்ப்பேன்."

சொல்லித்தான் தீர வேண்டியிருக்கும். சொன்னதும் காலை மடக்கி உட்கார்ந்து, ஊரே அலறும்போது அவள் மட்டும் சிரித்த முகத்தோடு பார்ப்பாள்.

பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்து, அரசு ஆய்வுக்கூடம் ஒன்றில் இண்டர்வியூவுக்குப் போய்விட்டு வந்தாள். ஆர்டருக்காக நான்கு மாதம் காத்திருந்தாள். வீட்டு ரேடியோ கெட்டால் பிரித்துப் போட்டுச் சரிசெய்பவள் அவள்தான். அந்த வேலை அவளுக்கென்றே இருந்தது. அதற்குள் பிலாயிலிருந்து ஒரு வரன் வந்து நெருக்கியது. அப்பா கெடு வைத்தார். "சனிக்கிழமைக்குள்ள ஆர்டர் வந்தா உன் இஷ்டம்மா, வேலைக்குப் போ. வரலேன்னா பிலாய்க்குச் சரின்னு சொல்லிடுவேன்." அவளும் ஒப்புக்கொண்டாள். அப்பா கொடுத்த வாக்கை மாற்றியதாகச் சரித்திரமே கிடையாது.

அந்தச் சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, காலனி கேட்டில் போஸ்ட்மேன் அந்தக் காக்கிக் கவரை என் கையில் கொடுத்தார். பிரித்தேன். ஆர்டர்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த நிமிடமே எனக்குள் இருந்த டைரக்டர் விழித்துக்கொண்டான். இரண்டாவது ரீல் முடிந்து விளக்கு எரியும்போது, காலனி முழுக்கப் பார்த்திருக்க, கவரை அவள் கையில் கொடுத்தால் எப்படி இருக்கும்!

கணக்கும் போட்டேன். அப்பா பிலாய்க்கு டிரங்கால் போட ஆறரைக்குத் தந்தி ஆபீஸ் போவார். லைன் கிடைக்க இரண்டு மணி நேரமாவது ஆகும். ரீல் ஏழேகாலுக்கு முடியும். சைக்கிளில் பத்து நிமிடம். கவரை ரீல் டப்பாவுக்குள் வைத்து மூடினேன்.

வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள்.

"போஸ்ட்மேன் வந்தாரா அண்ணா?"

"வந்தார். நமக்கு ஒண்ணும் இல்ல."

அவள் முகம் வாடிப்போயிற்று. அதை நான் ரசித்தேன். வேறு எப்படிச் சொன்னாலும் பொய்யாகிவிடும், நின்று ரசித்தேன். மாலையில் இதே முகம் மலரும்போது எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழேகாலுக்கு விளக்கைப் போட்டேன். தாமதமாக வருவாள் என்று நினைத்திருந்தேன், பக்கத்து நாற்காலி இன்னும் காலியாகவே இருந்தது. பெண்கள் வரிசையிலிருந்த அம்மாவிடம் ஓடினேன். "அப்பாகூடப் போயிட்டா. 'இனிமே வராதும்மா, நானே சரின்னு சொல்லிடறேன்'னு கிளம்பிட்டா" என்றாள் அம்மா. ரீலை மாட்டாமலே கவரை எடுத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். "ஜல்தி, ஜல்தி" என்ற கூச்சல் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

இருவரும் தந்தி ஆபீஸ் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கென்று பத்தே நிமிடத்தில் லைன் கிடைத்துவிட்டதாம். கவரை நீட்டினேன். தெருவிளக்கின் கீழ் நின்று அவள் இரண்டு முறை படித்தாள்.

"எப்ப வந்தது?"

"காலையில."

"நான் கேட்டப்பவே உன்கிட்ட இருந்துதா?"

"ஹவ்" என்றேன். பதறும்போது 'ஆமாம்' என்பதுகூட அந்த ஊர்ப் பேச்சில்தான் வந்தது.

அவள் காகிதத்தை மடித்து அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா அதைப் படித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "பேசியாச்சேம்மா" என்றார். வாக்கை மாற்றச் சொல்லி அன்று நான் அவர் காலில் விழுந்திருக்கலாம். விழவில்லை. விழுந்தால் எதற்காக மறைத்தேன் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். வீட்டில் அம்மா ஒன்றே ஒன்று சொன்னாள். "ஆறின கஞ்சி பழங்கஞ்சிடா."

அவள் வாழ்க்கை கெட்டுப்போய்விடவில்லை. மாப்பிள்ளை நல்ல மனிதர், இரண்டு குழந்தைகள். வேலைக்கு மட்டும் அவள் போகவே இல்லை. என்னைத் திட்டியதும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். திரையில் அந்த வீட்டுக்காரி காத்திருக்கவில்லை, நாம்தான் காத்திருக்கிறோம். என் தங்கை நான்கு மாதம் நிஜமாகவே காத்திருந்தாள். அந்த வித்தியாசம் அன்று எனக்கு உறைக்கவில்லை.

பல வருடம் கழித்து விடுமுறைக்கு வந்திருந்தாள். ஞாயிறு மாலை டி.வி.யில் ஒரு மர்மப்படம். அவள் கல்யாணமாகிப் போன பிறகு நான் கிளப்பில் ஓட்டிய படம்தான். அவள் ஓரமாக உட்கார்ந்து, சேலைத் தலைப்பை விரலில் சுற்றியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். என் சட்டையைப் பிடித்து இழுப்பாள் என்று எதிர்பார்த்தேன். கடைசியில் நானே குனிந்து கேட்டேன்.

"முடிவைச் சொல்லட்டுமாடி?"

"வேணாம் அண்ணா" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "தெரியறப்ப தெரியட்டும்."