முப்பத்தைந்து என்று யார் சொன்னது?

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, பள்ளி திறந்த ஜூன் மாதத்தில், செங்கல்பட்டு நகரத்துப் பள்ளி ஒன்றிலிருந்து மாறுதலாகி, செய்யூர் பக்கம் கடலோரத்தில் இருக்கும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குக் கணக்கு ஆசிரியையாகப் போனேன். மதுராந்தகத்தில் பஸ் மாற வேண்டும். இறங்கியதும் சவுக்குத் தோப்புக்கு நடுவே கொஞ்ச தூரம் நடை. காற்று பலமாக அடிக்கும் நாட்களில் வகுப்பறை மேஜை வரைக்கும் மணல் வந்துவிடும். காலையில் துணியால் துடைத்துவிட்டுத்தான் வருகைப் பதிவேட்டைத் திறப்பேன்.

எதுவும் அதனதன் இடத்தில் இருந்தால்தான் எனக்கு வேலை ஓடும். பாடம் நடத்தும் பொருட்களை, பாடத்துக்கு ஒன்றாக, காலணி அட்டைப்பெட்டிகளில் போட்டுப் பெயர் எழுதி வைத்திருப்பேன். கணங்களுக்கு வண்ணப் பொத்தான்கள், நிகழ்தகவுக்குத் தாயக்கட்டை, அளவியலுக்குக் களிமண்ணில் செய்த கூம்பும் உருளையும். நான் அந்தப் பெட்டிகளோடு ஆட்டோவில் வந்து இறங்கியபோது, டீச்சர் செருப்புக் கடை வைக்க வந்திருக்கிறார் என்று பத்தாம் வகுப்பில் பேச்சு ஓடியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. காலாண்டுத் தேர்வு முடிந்ததும், கணக்கில் பின்தங்கியவர்களைத் தனியே பிரித்து ஜன்னல் ஓரத்து இரண்டு பெஞ்சுகளில் உட்கார வைத்துவிடுவார்கள். அவர்களுக்குப் பாடப்புத்தகம் கிடையாது. 'மினிமம் மெட்டீரியல்' என்று ஒரு மெல்லிய நகல் புத்தகம் தருவார்கள். பிள்ளைகள் அதைச் 'சின்ன புக்' என்பார்கள். அதில் வடிவியல் வரைதல், வரைபடம், புத்தகத்துக் கடைசியில் உள்ள ஒரு மதிப்பெண் கேள்விகள், கூடவே சில சுலபமான கணக்குகள். இவற்றை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டால் பொதுத்தேர்வில் முப்பத்தைந்தைத் தொட்டுவிடலாம். முக்கோணவியல் அதில் ஒரு பக்கம்கூட இல்லை. இத்தனையும் வைத்துத்தான் ஆண்டுதோறும் பள்ளி வாசலில் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று பேனர் கட்டினார்கள்.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தேர்வுத்தாளைப் பார்த்தாலே கை நடுங்கும் பிள்ளைக்கு அந்தப் புத்தகம் ஒரு பிடிமானம்தான். அதைத் தயாரித்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு தயாரிக்கவில்லை.

அந்த ஆண்டு மாணவர்களுக்கு இலக்கு நிர்ணயிப்பது பற்றி எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இலக்கு அட்டை தரவேண்டும். என் இலக்கு, அதற்கு நான் செய்யப்போவது, எனக்குத் தேவையான உதவி என்று மூன்று கட்டங்கள். பூர்த்தி செய்து வகுப்புச் சுவரில் ஒட்ட வேண்டும். நான் நல்ல தடித்த அட்டை வாங்கி, ஓரம் பிசிறில்லாமல் வெட்டி, கோடு போட்டுத் தயாராக வைத்தேன். தலைமை ஆசிரியர் வந்து பார்த்து, மிகவும் நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். ஜன்னல் பெஞ்ச் பிள்ளைகளின் அட்டையில் மட்டும் முதல் கட்டத்தில் '35' என்று நாமே எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்றார். அவர்களை எழுதச் சொன்னால் கலெக்டர், டாக்டர் என்று எழுதிவிட்டுப் படிக்காமல் இருப்பார்களாம். கண்ணெதிரே முப்பத்தைந்து இருந்தால் கவனம் சிதறாதாம். அவர் கையாலேயே எழுதிக் கொடுத்தார். நானும் விநியோகித்தேன்.

ஜன்னல் பெஞ்சில் கடைசியாக உட்கார்ந்திருந்த பெண் எழுந்து நின்றாள். அதிகம் பேசாத பெண். அப்பா சவுக்கு வெட்டப் போகிறவர், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

"மிஸ், இன்னா இது முப்பத்தஞ்சு? நான் எழுதல. வேற யாரோ எழுதிகீறாங்க."

தேர்ச்சிக்கான மதிப்பெண், முதலில் அதை எட்டட்டும் என்று நான் விளக்கினேன். அவள் உட்காரவில்லை.

"எங்க அக்காவுக்கும் இதே சின்ன புக்குதான் குட்தாங்க. முப்பத்தஞ்சுன்னாங்க, முப்பத்தாறு எடுத்தா. பேனர் கட்டுனீங்க. இப்போ டெய்லி கம்பெனி பஸ்ஸுல சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் போய்கினு கீறா. கம்பெனி வேலைய நான் தப்பு சொல்லல மிஸ். வேற எதுவும் கேக்கறதுக்கு அவ கையில மார்க்கே இல்ல."

பக்கத்தில் இருந்த பையன், எதற்கும் ஒரு வேடிக்கை சொல்கிறவன், மெதுவாகக் கையைத் தூக்கி, "எனக்கு முப்பத்தஞ்சே போதும் மிஸ், அதையும் அவளோடதோட சேத்து புடுங்கிடாதீங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அந்த அட்டையைத் திருப்பி என் மேஜைமேல் வைத்துவிட்டு, தனக்குப் பெரிய புத்தகம் வேண்டும் என்றாள்.

மதிய இடைவேளையில் அவளைக் கூப்பிட்டு, உனக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டேன். தயங்காமல் பதில் வந்தது. பாலிடெக்னிக்கில் சிவில் படித்து சர்வேயர் ஆக வேண்டும். ஏன் என்று கேட்டதற்கு அவள் சொன்ன கதை இது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர்கள் காலனிக்கு மனைப் பட்டா தர சர்வேயர்கள் வந்து நிலம் அளந்திருக்கிறார்கள். கருவியை நட்டு வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, சாலைப் பக்கம் இடம் குறைகிறது, எல்லோரும் பின்னால் தள்ளிப் போங்கள் என்றிருக்கிறார்கள். எவ்வளவு குறைகிறது, எப்படித் தெரியும் என்று அவள் அப்பா கேட்டிருக்கிறார். சொன்னால் உனக்குப் புரியுமா என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார்கள்.

"எங்கப்பா தலைய ஆட்டிகினு வந்துட்டாரு. அளக்கத் தெரிஞ்சவன் சொன்னா, தெரியாதவன் ஆட்டித்தான் ஆவணும். நான் ஆட்ட மாட்டேன் மிஸ்."

அரசு பாலிடெக்னிக்கில் சிவில் இடம் கணக்கு, அறிவியல் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் தருவார்கள். முப்பத்தைந்தை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கக்கூட முடியாது. அதைவிட முக்கியம், தூரத்தையும் உயரத்தையும் கோணத்தால் அளக்கும் முக்கோணவியல்தான் அந்த வேலைக்கு அடிப்படை. அவளிடமிருந்து நாங்கள் எடுத்துவிட்டிருந்தது சரியாக அந்தப் பாடத்தைத்தான்.

மறுநாள் பாடப்புத்தகம் கொடுத்தேன். வேறு யாருக்கு வேண்டும் என்று ஜன்னல் பெஞ்சில் கேட்டேன். சிலர் சின்ன புத்தகமே போதும் என்றார்கள். அது அவர்கள் முடிவு, நான் வற்புறுத்தவில்லை. முப்பத்தைந்தே போதும் என்ற பையன் எழுந்து, "இவ ஒருத்தி மட்டும் அறிவாளி ஆயிட்டா நாங்க இன்னா பண்றது, எனக்கும் குடுங்க" என்று வாங்கிக்கொண்டான்.

செய்தி தலைமை ஆசிரியருக்குப் போனது. அவர் கோபக்காரர் இல்லை, பயந்தவர். மாவட்டக் கூட்டத்தில் திரையில் சதவீதத்தைப் போட்டு, குறைந்த பள்ளியின் தலைமை ஆசிரியரை எழுப்பி நிற்க வைத்துக் கேட்பார்கள். எழுந்து நிற்கப்போவது நான் இல்லை, அவர்தான் என்றார். அது உண்மை. ஆனாலும் அந்தப் பெண்ணின் அம்மாவை வரவழைத்து, மகள் சின்ன புத்தகம்தான் படிப்பாள் என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாவே கேட்டுவிட்டார்.

"அவ ஃபெயிலானா வூட்டுல இருப்பா, நான் சோறு போடுவேன் சார். அதுக்கு நீங்க ஏன் இப்பவே பேஜார் ஆவுறீங்க?"

தலைமை ஆசிரியர் பேனாவை மூடி வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, அப்படியானால் முடிவுக்கு நீங்கள் பொறுப்பு என்று எழுதித் தாருங்கள் என்றார். எழுதித் தந்தேன். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் வரவிருந்த ஆண்டு அது. ஆனால் கையெழுத்து வழக்கம்போல் தெளிவாகத்தான் விழுந்தது.

முக்கோணவியலுக்கு என்னிடம் பெட்டி இல்லை. புதிதாக ஒன்று தயாரித்தேன். ஒரு பாகைமானி, அதன் நேர் விளிம்பில் ஒட்டிய ஸ்ட்ரா, நடுவிலிருந்து தொங்கும் நூல், நூல் முனையில் சைக்கிள் கடை நட்டு. ஸ்ட்ரா வழியாக உச்சியைப் பார்த்தால் நூல் கோணத்தைச் சொல்லும். நாற்பத்தைந்து பாகை வரும் இடத்தில் நின்றால், நாம் நிற்கும் தூரமும் எதிரே உள்ள உயரமும் சமம். கொடிக்கம்பத்தைக் குறிவைத்தோம். அவள் பார்க்க, பையன் நூலைப் படிக்க, பின்னால் பின்னால் நகர்ந்து சரியான இடம் பிடித்து, தரையை டேப்பால் அளந்தோம். பிறகு கொடிக்கயிற்றை ஏற்றிக் கம்பத்தையே அளந்து சரிபார்த்தோம். கம்பம் நாங்கள் கண்டுபிடித்ததைவிட அதிக உயரமாக இருந்தது.

"கம்பம் அதுக்குள்ள வளந்துட்ச்சு மிஸ்" என்றான் பையன்.

எனக்கு விடை தெரியும். சொல்லவில்லை. அவள் மறுபடி போய் நின்று பார்த்தாள். டேப்பைக் கையில் சுற்றியபடி யோசித்தாள். பிறகு தலையைத் தடவிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"நம்ம கண்ணு தரையிலயா கீது? கண்ணுலேர்ந்துதான பாக்குறோம். என் கண்ணு ஒசரத்தக் கூட்டணும்."

கூட்டினோம். வித்தியாசம் ஒரு கையகலம்கூட இல்லை. அன்று அவள் முகத்தில் பார்த்ததை மகிழ்ச்சி என்று சொல்ல மாட்டேன். யாரிடமோ பாக்கி வைத்திருந்த சண்டையில் முதல் அடியை அடித்தவள் போல இருந்தாள்.

அதன்பின் நடந்தது வெறும் உழைப்பு. மாலையில் பஸ் வரும்வரை அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். அட்டையில் பெரிய எண் எதுவும் எழுதச் சொல்லவில்லை. இந்த வாரத்துக்குள் என்ன தெரிந்துகொள்ளப் போகிறாய் என்று மட்டும் கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்கள் கையாலேயே எழுத வைத்தேன். முடிக்காத வாரங்களும் இருந்தன. அடித்துவிட்டு மறுபடி எழுதினார்கள்.

தேர்வு முடிவு வந்தது. அந்தப் பெண் கணக்கில் அறுபத்து மூன்று. ஜன்னல் பெஞ்சில் எல்லோரும் தேறியிருந்தார்கள், அந்தப் பையனைத் தவிர. அவனுக்கு முப்பத்தொன்று.

வாசலில் அந்த ஆண்டு பேனர் இல்லை. தலைமை ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்றுவிட்டு வந்தார். வந்ததும் என்னிடம் எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்டார். 'மாணவர்கள் முழுப் பாடத்தைக் கேட்டார்கள். நான் கற்பித்தேன். இனி கேட்டாலும் கற்பிப்பேன்' என்று மூன்று வரியில் தந்தேன். பதவி உயர்வு அந்த ஆண்டு வரவில்லை. இதனால்தானா என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவில்லை.

ஆனால் பையனின் முப்பத்தொன்று என்னைத் தூங்கவிடவில்லை. சின்ன புத்தகத்தோடு இருந்திருந்தால் தேறியிருப்பான் என்று தலைமை ஆசிரியர் சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை. அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஸ்டூலை எடுத்துப் போட்டான்.

"ஃபெயிலானது நானு மிஸ். நீங்க ஏன் மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கீறீங்க?"

அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

"போன வருசம்னா நாலு கணக்குதான் போடத் தெரியும். இப்போ பாதி புக்கு தெரியுது, மீதிதான் மாட்டிகிச்சு. ஜூலைல எழுதறேன். வந்து சொல்லித் தாங்க. ஆனா அந்த சின்ன புக்கத் தூக்கினு வராதீங்க, சொல்லிட்டேன்."

ஜூலை துணைத்தேர்வில் நாற்பத்தேழு வாங்கினான். துணைத்தேர்வு முடிவு சதவீதத்தில் சேராது என்று தலைமை ஆசிரியர் சொன்னார். சேராவிட்டால் போகட்டும் சார் என்றேன். அவர் முதன்முறையாகச் சிரித்தார். அந்தப் பெண்ணுக்கு அரசு பாலிடெக்னிக்கில் சிவில் இடம் கிடைத்தது. இப்போது இரண்டாம் ஆண்டு முடிக்கிறாள். சர்வே பாடத்தில் கருவியை யார் முதலில் தொடுவது என்று பையன்களோடு தினமும் சண்டை என்று போனில் சொன்னாள்.

இந்த ஆண்டும் காலாண்டு முடிந்ததும் ஜன்னல் பெஞ்சுக்கு யார் யார் என்று பெயர் கேட்டு வந்தார்கள். வெற்றுத்தாளைத் திருப்பித் தந்தேன். ஒரு பிள்ளை எவ்வளவு தூரம் போகும் என்று இருபது ஆண்டு கணக்குச் சொல்லிக் கொடுத்த பிறகும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதைத் தேர்வுக்கு முன்பே தெரிந்துவைத்திருக்கும் யாரோடும் இனி என்னால் ஒத்துப்போக முடியாது.